ஆறு மணி நேரத் திருகோணமலை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பலில் உலவி, வெனிஸ் என்றும் டுப்ரோவ்னிக் என்றும் பழம்பெரும் துறைமுக நகரங்களைக் கண்டு வரும் செல்வர்களைத் திரைப்படங்களில் நாம் பார்த்திருக்கிறோம். காலையில் கரை இறங்குவார்கள், கோட்டையைப் பார்ப்பார்கள், மாலையில் கப்பல் ஏறுவார்கள். அத்தகைய பயணம் திருவேற்காட்டில் பிறந்த எனக்கும் ஒருநாள் வாய்க்கும் என்று கனவிலும் நான் கருதியதில்லை. கடல் என்றால் எனக்கு மெரினாதான். ஆனால் வாய்த்தது. நான் கண்ட நகரம் வெனிஸ் அன்று. நம் அண்டை நாட்டில், நம் தாய்மொழி பேசும் திருகோணமலை.

2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் செல்லும் ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பலின் முதற்பயணம் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளைத் தொட்டுத் திரும்பும் பயணம் அது. அதே பருவத்தில், பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்து இக்கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று காத்திருந்த நாளில், நானும் அக்கப்பலில் ஏறினேன். உடன் வந்தவர்கள் பெரியப்பாவும் அப்பாயியும்.

நம் பக்கத்தில் தந்தையைப் பெற்றவளை ஆயா என்பதே வழக்கம். எங்கள் வீட்டில் மட்டும் அப்பாயி. காரணம் உண்டு. அவள் பிறந்தது இலங்கையின் மலைநாட்டில், அட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவளுடைய முன்னோர் திருச்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். ஊர்ப்பேச்சு கடல் கடந்து போய், மலையேறி, மூன்று தலைமுறை கழித்து எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

பெரியப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றார். கையில் வந்த பணத்தில் முதற் செலவாக அவர் செய்தது மூன்று பயணச்சீட்டு வாங்கியது. “அம்மாவைத் தம்பியிடம் ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும்” என்றார். அதைவிடக் குறைந்த செலவில் விமானத்தில் போகலாமே என்று உறவினர் பலர் சொன்னார்கள். எழுபத்தெட்டு வயதான அப்பாயி விமானம் ஏற மறுத்துவிட்டாள். “கப்பல்ல வந்தவ நான். கப்பல்லயே போறேன்” என்பது அவள் தீர்ப்பு.

இரண்டு கப்பல்கள்

அவள் வந்த கப்பலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆயினர். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். எண்களைப் பிரிப்பது எளிது. அந்த எண்களுக்குள் அண்ணனும் தங்கையும், அக்காளும் தம்பியும் இருந்தார்கள். அப்பாயியின் கணவர் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். அவளுடைய தந்தை இலங்கையிலேயே இருக்க எழுதிப் போட்டார். இரண்டு மனுக்களும் ஏற்கப்பட்டன. ஒரு லயத்து வீட்டில் வளர்ந்த அக்காளும் தம்பியும் இரு நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள்.

1972இல் அப்பாயி ஒன்பது வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினாள். மண்டபம் முகாமில் சில நாள். பிறகு எங்கெங்கோ கூலி வேலை. முடிவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தாத்தாவுக்கு ஒரு வேலை. திருவேற்காட்டில் ஒரு குடிசை. அந்தக் கப்பலில் உட்கார இடம் இருந்ததா என்று கேட்டேன். “மூட்டை மேலே உட்கார்ந்து வந்தோம்” என்றாள்.

இப்போது ஏறிய கப்பலோ பதினோரு அடுக்கு மாளிகை! 1990இல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டது. கொள்ளளவுக் கணக்கில் 48,500 டன்னுக்கு மேற்பட்டது. நீச்சற்குளம், நாடக அரங்கு, விடியும்வரை ஆடல் பாடல், எந்த வேளையும் உணவு. சூதாட்டக் கூடமும் இருந்தது. அதைக் கண்டதும் பெரியப்பா சிரித்தார். எங்கள் ஊரில் பிறந்த மூர்க்க நாயனார், சூதாடி வென்ற பொருளைக் கொண்டு அடியார்க்கு அமுது படைத்தவர் அல்லவா? “நாயனார் இருந்திருந்தால் இந்தக் கப்பலில் தினமும் அன்னதானம்தான்” என்றார்.

பாடியவரும் பார்த்தவரும்

திருகோணமலைக் கரையில் கால் வைத்தபோது காலை பத்து மணி. மாலை நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். பயணிகளை ஏற்றிய பேருந்து முதலில் கோணேசர் கோயிலுக்குச் சென்றது. அடுத்துக் கன்னியா வெந்நீர் ஊற்று, பிறகு கடைத்தெரு என்பது திட்டம். நாங்கள் கோயிலோடு நின்றுகொள்வதாக வழிகாட்டியிடம் முன்னரே சொல்லி வைத்திருந்தோம். அப்பாயியின் தம்பி அங்கே வருவதாக ஏற்பாடு.

கோயிலுக்குப் போகும் வழியே ஒரு கோட்டைக்குள்தான் போகிறது. பிரெடரிக் கோட்டை என்று பெயர். இன்றும் அதன் பெரும்பகுதி இராணுவத்தின் கையில் இருக்கிறது. வாயிலில் பாண்டியரின் இரட்டைக் கயல் செதுக்கிய கல்லும், தேய்ந்த தமிழ் எழுத்துகளும் உள்ளன. போர்த்துக்கீசியர் 1620களில் பழைய கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே இங்குக் கோட்டை எழுப்பினார்கள். கோயிற்கல் கோட்டைச் சுவரில் நின்று சாட்சி சொல்கிறது. உள்ளே புள்ளிமான்கள் ஆடுகளைப்போல் அச்சமின்றி அலைகின்றன. வாழைப்பழத்தோலுக்குக் கையருகே வருகின்றன.

மலையின் உச்சியில் நின்று பார்த்தால் நேர் கீழே கடல். பாறை பிளந்த இடத்தை இராவணன் வெட்டு என்கிறார்கள். இடிக்கப்பட்ட கோயிலின் திருமேனிகள் சில, 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்கடியில் கிடைத்தன. 1956இல் அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பரும் இப்பாறையின் அடியில் மூழ்கி, கடலடியில் கிடந்த கோயிற் சிதைவுகளைக் கண்டார்கள். இன்று நாம் காணும் ஆலயத்திற்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

திருவேற்காட்டுக்காரனுக்கு இம்மலையில் ஓர் உறவு உண்டு. கருமாரியம்மனால் எங்கள் ஊர் இன்று புகழ்பெற்றிருந்தாலும், அங்குள்ள வேதபுரீசுவரர் ஆலயம் ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் பாடிய தலம். அதே சம்பந்தர்தான் கோணமலையையும் பாடினார். ஆனால் அவர் இங்கு வரவில்லை. இராமேசுவரத்தில் நின்றபடியே கடலுக்கு அப்பாலுள்ள கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் வராமலே பாடினார். நாங்களோ வந்து இறங்கிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்!

எல்லோரும் விரும்பிய துறைமுகம்

வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில் ஒரு கேள்வியைப் பின்னர்ப் பலமுறை எனக்குள் கேட்டுக்கொண்டேன். இந்தச் சிறிய ஊருக்காக இத்தனை நாடுகள் ஏன் அடித்துக்கொண்டன? விடை நம் சென்னையில் இருக்கிறது.

சென்னைக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. முற்காலத்தில் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிக் கரைசேர வேண்டும். 1875இல் அடிக்கல் நாட்டிக் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்தது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்துவிட்டால் சோழமண்டலக் கரை முழுவதிலும் பெரிய போர்க்கப்பல் ஒதுங்க இடம் இல்லை. திருகோணமலையிலோ மலைகள் சூழ்ந்த ஆழமான உட்துறைமுகம்; எந்தப் பருவக்காற்றும் உள்ளே புகாது. ஆகவே சென்னையையும் புதுச்சேரியையும் காக்க நினைத்தவன் திருகோணமலையைப் பிடிக்க நினைத்தான்.

போர்த்துக்கீசியரிடமிருந்து 1639இல் ஒல்லாந்தர் பறித்தனர். 1782இல் மட்டும் ஊர் இருமுறை கைமாறியது. சனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். அவர்கள் இலங்கை விடுதலை பெற்ற பின்னும் இத்தளத்தை விடாமல் 1957இல்தான் கைவிட்டார்கள். இடையில் எண்ணெய்க் கொள்கலன்கள் ஏறத்தாழ நூறு எழுப்பினார்கள். 1942 ஏப்ரல் 9இல் சப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசின. ஒரு விமானம் எண்ணெய்க் கொள்கலன் ஒன்றின்மீதே விழுந்து எரிந்தது. அதே ஏப்ரலில்தான் குண்டுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைக் காலி செய்து வெளியேறினார்கள். எஞ்சிய 99 கொள்கலன்களில் 61ஐ இரு நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து மேம்படுத்துவது என்று 2022 சனவரியில் ஒப்பந்தம் ஆயிற்று. 

சென்னைக்கும் இவ்விரிகுடாவுக்கும் இடையே நடந்த மற்றொரு பயணமும் நினைவுகூரத்தக்கது. புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலை, பழுது பார்க்கும்பொருட்டுக் கொட்டியாரக் குடாவுக்குச் செல்லுமாறு நம் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தோர் பணித்தனர். 1660இல் அங்கு இறங்கிய கப்பல் தலைவரையும் அவர் மகன் ராபர்ட் நாக்ஸையும் கண்டி மன்னன் சிறைப்படுத்தினான். தந்தை இறந்தார். மகன் 1679இல்தான் தப்பினார். அவர் எழுதிய நூல் 1681இல் வெளிவந்து ஐரோப்பாவுக்கு இலங்கையைக் காட்டியது. சில நாள் தங்க இறங்கியவர் பத்தொன்பது ஆண்டு தங்க நேர்ந்தது. எங்களுக்கு வாய்த்ததோ ஆறு மணி நேரம். 

இவ்வளவு பேர் கடல்வழி வந்தார்களே, இவர்களுள் எவராவது இந்த ஊர் மக்களைப் பார்க்க வந்தார்களா? எல்லோரும் துறைமுகத்தை விரும்பினார்கள். ஊர் அதன் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அக்காளும் தம்பியும்

கோயில் வழியில் பூவும் தேங்காயும் விற்கும் கடைகளின் முன்னே, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு முதியவர் நின்றிருந்தார். பக்கத்தில் பேரன். காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறார்களாம். வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசியவர்கள்தாம். ஆயினும் அப்பாயி அவரை அடையாளம் காணச் சிறிது நேரம் ஆயிற்று. “இவ்வளவு குள்ளமா நீ?” என்றாள். ஐம்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் அவள் பேசிய முதற்சொல் அது. “நீதான் என்னைத் தூக்கிச் சுமந்தே, அக்கா. அப்பவும் குள்ளந்தான்” என்றார் அவர். இருவரும் அழவில்லை. சுற்றி நின்ற நாங்கள்தாம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

அவர் வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது. எனவே ஓட்டோவில் நகருக்குள் வந்தோம். வழியெங்கும் பெயர்ப்பலகைகளில் தமிழ். நாம் மருத்துவமனை என்பதை அவர்கள் வைத்தியசாலை என்கிறார்கள். நாம் பேக்கரி என்று எழுதும் கடைக்கு அங்கே வெதுப்பகம் என்று பெயர். ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அங்கேதான் தாத்தாவின் கதையைக் கேட்டேன்.

1977 கலவரத்தில் தோட்டத்து லயங்கள் தாக்கப்பட்டபோது அவர் குடும்பம் மலையைவிட்டு இறங்கித் திருகோணமலைப் பக்கம் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். 1983இல் மூண்டு 2009வரை நீடித்த போரில் மூன்று முறை வீட்டைவிட்டு ஓடினார். 2004 ஆழிப்பேரலையில் வீட்டையே இழந்தார். “இலங்கையிலேயே இருக்கலாம்னு அப்பா எழுதிப் போட்டார். இருந்தோம்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அப்பாயி வாய் திறக்கவில்லை. தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

புறப்படும்முன் தாத்தா ஓர் ஆசை சொன்னார். அக்கா வந்த கப்பலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். துறைமுகத்துக்குள் பயணிகளுக்கு மட்டுமே அனுமதி. உட்துறைமுக வீதியில் ஓட்டோவை நிறுத்திக் கரையோரம் நின்று பார்த்தோம். வெண்ணிற மாளிகைபோல் தெரிந்தது. “இருபது வருசம் இங்கே கப்பலுக்கு மூட்டை ஏத்தியிருக்கேன். ஒரு நாளும் கப்பல்ல போனதில்லை” என்றார். பிறகு, “எப்ப அக்கா திரும்ப வருவே?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. பெரியப்பா பயணச்சீட்டின் விலையை எண்ணிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் கடற்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருமாரியம்மன் குங்குமத்தையும் ஒரு வேட்டியையும் அப்பாயி கொடுத்தாள். அவர் ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொடுத்தார். மூன்றரை மணிக்குத் துறைமுக வாயிலில் எங்களை இறக்கிவிட்டு, அந்த ஓட்டோ நெடுநேரம் அங்கேயே நின்றது.

எந்தக் கப்பல் வேண்டும்?

திரும்பி வந்தபின் உல்லாசக் கப்பல்களைப் பற்றித் தேடிப் படித்தேன். வெனிஸ் நகரம் கப்பற்பயணிகளின் கூட்டத்தைத் தாங்க முடியாமல் திணறியது. 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதன் பழைய நகரின் முன்னே செல்ல இத்தாலி தடை விதித்தது. நாங்கள் போன கப்பல் அங்கே போயிருந்தால் வாயிலிலேயே நிறுத்தியிருப்பார்கள்! 2024 முதல், குறிப்பிட்ட நாள்களில் ஒருநாள் பார்வையாளரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணமும் வெனிஸ் வாங்கத் தொடங்கியது. தங்காமல், பழகாமல், பார்த்துவிட்டு மட்டும் போகிறவனால் ஓர் ஊருக்கு என்ன பயன் என்பதே அவர்கள் எழுப்பும் கேள்வி.

திருகோணமலையின் நிலை வேறு. அங்கே கூட்டம் தொல்லை இல்லை. போரால் நொடிந்த ஊருக்கு நாலு பேர் வந்தால் நாலு ஓட்டோக்காரர்களுக்கு வரும்படி. ஆகவே உல்லாசக் கப்பல் கூடாதென்று நான் சொல்ல மாட்டேன். அக்கப்பல் இல்லையேல் அப்பாயி தன் தம்பியைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வேடிக்கை பார்ப்பவனுக்கு ஆறு மணி நேரம் போதும். உறவு கொண்டாடுபவனுக்குப் போதாது. அவனுக்கு நீச்சற்குளம் வேண்டாம், ஆடல் அரங்கு வேண்டாம். மூட்டைமேல் உட்கார்ந்தாவது போக, கைக்கு எட்டும் கட்டணத்தில் ஒரு கப்பல் வேண்டும். நினைத்த நாளில் போய், நினைத்த நாளில் திரும்பும் வசதி வேண்டும்.

தலைமன்னார்க் கப்பல் 1980களில் போரால் நின்றுபோனது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே, ஏறத்தாழ 110 கிலோமீட்டர்த் தொலைவுக்கு, 2023 அக்டோபர் 14இல் பயணிகள் கப்பல் தொடங்கிச் சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் அவ்வழியில் ஓடத் தொடங்கியது. பத்திரிகைகளில் அது ஒரு சிறு செய்தி. எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி. பெரியப்பா அப்பக்கத்தைக் கத்தரித்து, நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தார்.

நண்பர்களே! நம் வகுப்பில், நம் தெருவில், அக்கரையில் உறவை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு முதியோரிடம் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு வந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், யாரை விட்டு வந்தார்கள் என்று எழுதி வையுங்கள். போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் வந்துபோன கணக்கை ஐரோப்பியரே எழுதி வைத்துக்கொண்டார்கள். மூட்டைமேல் உட்கார்ந்து வந்தவர்களின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். தாத்தாவின் கேள்விக்கு அப்பாயி இன்னும் விடை சொல்லவில்லை. அவளுக்கு இப்போது எண்பது வயது. கப்பல் ஓடும் நாள்களைத் தேதிவாரியாகக் கேட்டு வைத்திருக்கிறாள்.